கூடை இருந்ததா, மாம்பழம் இருந்ததா?

வங்கி வேலைக்கான தேர்வை எழுதிவிட்டு மகன் வீட்டுக்கு வந்தான். முகம் வாடி இருந்தது.

"எப்படி எழுதினாய்?" என்று தகப்பனார் கேட்டார்.

"கணக்கு நன்றாகப் போட்டேன், அப்பா. இங்கிலீஷ்தான் காலை வாரிவிட்டது" என்றான் மகன்.

தாயார் சோறு போட்டாள். பையனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கேள்வி அவன் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

"த பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஆன் த டேபிள்."

இந்த வாக்கியத்தில் பிழை உண்டா என்பது கேள்வி. "பிழை இல்லை" என்று பையன் குறித்துவிட்டு வந்துவிட்டான். மாம்பழங்கள் பல. ஆகவே பன்மைக்கு உரிய "ஆர்" சரி என்பது அவன் போட்ட கணக்கு.

தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. "அது என்னடா சங்கதி? தமிழில் சொல்லு" என்றாள்.

"மேசை மேல் மாம்பழக் கூடை இருக்கிறது, அம்மா."

"மேசை மேல் இருப்பது கூடைதானே? பழம் கூடைக்குள் அல்லவா இருக்கிறது! கூடை ஒன்றுதானே?"

பையன் திகைத்துப் போனான். கூடை ஒன்றுதான். ஆகவே "ஆர்" தவறு. "இஸ்" என்பதே சரி. ஆங்கிலம் தெரியாத தாயார் ஒரே கேள்வியில் விடையைக் கண்டுபிடித்துவிட்டாள்!

இந்தக் காட்சி கற்பனை. ஆனால் இந்தத் தவறு கற்பனை அல்ல. நன்றாகப் படித்த பிள்ளைகளும் இதே இடத்தில் இடறி விழுகிறார்கள். விழுந்தபின், "நமக்கு ஆங்கிலம் வராது" என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு தவறு. அவர்களுக்கு இலக்கணம் தெரியும். தெரிந்த இலக்கணத்தை ஆங்கிலத்தில் பயன்படுத்த யாரும் வழி காட்டவில்லை. அதுதான் குறை.

40 விநாடியில் ஒரு கேள்வி

இது சின்ன விஷயம் அல்ல. வயிற்றுப் பிழைப்போடு சேர்ந்த விஷயம்.

2024ஆம் ஆண்டு நடந்த வங்கி குமாஸ்தா வேலைக்கான முதல்நிலைத் தேர்வை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 100 கேள்விகள். அவற்றில் 30 கேள்விகள் ஆங்கிலம். அதற்குக் கொடுத்த நேரம் 20 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு 40 விநாடி! விடை தவறாகப் போனால் கால் மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள்.

ஆங்கிலப் பகுதியில் வாக்கியப் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள் வழக்கமாக வருகின்றன. அவற்றில் இரண்டு வகைப் பிழைகள் அடிக்கடி தலை காட்டும். ஒன்று, எழுவாயும் வினையும் ஒத்துப் போகாத பிழை. மற்றொன்று, ஒரு சொல்லோ தொடரோ தனக்கு உரிய இடத்தை விட்டு வேறு இடத்தில் போய் உட்காரும் பிழை.

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் என்பது ஓர் உத்தியோகம். ஓர் உத்தியோகம் என்பது ஒரு குடும்பம்.

தமிழுக்கு இது புதிது அல்ல

எழுவாயும் வினையும் ஒத்துப் போக வேண்டும் என்பது ஆங்கிலேயர் கண்டுபிடித்த அதிசயம் அல்ல. தமிழில் இந்தச் சட்டம் ஆங்கிலத்தைவிடக் கடுமையானது.

பையன் வந்தான். பெண் வந்தாள். ஆசிரியர் வந்தார். மாணவர்கள் வந்தார்கள். மாடு வந்தது. மாடுகள் வந்தன. ஆறு பேருக்கு ஆறு முடிவுகள்! ஆங்கிலத்தில் இந்த ஆறுக்கும் "கேம்" என்ற ஒரே சொல் போதும்.

"பையன் வந்தாள்" என்று எந்தத் தமிழ்க் குழந்தையாவது சொல்லுமா? சொன்னால் வீடே சிரிக்கும்.

இப்படித் தடம் மாறுவதற்கு "வழு" என்று பெயர். பவணந்தி முனிவர் தம் நன்னூலில் ஏழு வகை வழுக்களைக் கூறுகிறார். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழிலும் தவறு நேரலாம் என்பது அவர் கணக்கு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலும் இந்தப் பாடம் வருகிறது.

தமிழ் வகுப்பில் வழுவைப் படித்த பிள்ளை, அடுத்த மணியில் ஆங்கில வகுப்பில் உட்காருகிறது. அங்கே அதே பாடம் வேறு பெயரோடு வருகிறது. "நீ நேற்றுப் படித்தது தான் இது" என்று சொல்ல ஆள் இல்லை. பிள்ளை புதிதாகப் பயப்படத் தொடங்குகிறது.

தலை எங்கே, வால் எங்கே?

அப்படியானால் பிழை ஏன் வருகிறது? காரணம், சொற்கள் நிற்கும் வரிசை.

தமிழில் வருணிக்கும் சொல் முன்னால் வரும். வருணிக்கப்படும் பொருள் பின்னால் வரும். "மாம்பழக் கூடை" என்கிறோம். கூடைதான் தலைவன். அது கடைசியில் நிற்கிறது. வினையைச் சொல்லும்போது நம் காதில் ஒலிப்பது கூடைதான்.

ஆங்கிலத்தில் இத்தகைய தொடர்களில் இது தலைகீழ். தலைவன் முன்னால் நிற்கும். வருணனை பின்னால் வால் போல நீளும். "பாஸ்கெட்" முதலில் வந்துவிடுகிறது. "ஆஃப் மேங்கோஸ்" பின்னால் வருகிறது. வினைக்குப் பக்கத்தில் மாம்பழங்கள் வந்து நின்றுகொள்கின்றன. தேர்வு எழுதுகிறவன் அவற்றைத் தலைவன் என்று நம்பி ஏமாந்து போகிறான்.

வால் நீள நீள ஏமாற்றமும் வளரும். "இந்தக் கடைகளில் விற்கும் விதைகளின் தரம் குறைவாக இருக்கிறது" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். தமிழில் "தரம்" வினையை ஒட்டி நிற்கிறது. பிழை செய்ய வழியில்லை. ஆங்கிலத்தில் "குவாலிட்டி" முதலில் வரும். பிறகு விதைகள் வரும். பிறகு கடைகள் வரும். கடைசியில்தான் வினை வரும். அங்கே "இஸ்" போடுவதற்குள் "குவாலிட்டி" மறந்தே போகிறது!

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதே இடத்தில் சறுக்குகிறார்கள். கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்து 1991ல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் மாணவர்களிடம் பாதி வாக்கியத்தைக் கொடுத்து மீதியைச் சொல்லச் சொன்னார்கள். தலைமைச் சொல் ஒருமையாகவும், பக்கத்தில் நிற்கும் சொல் பன்மையாகவும் இருந்தபோது பிழைகள் அதிகமாயின. பக்கத்துச் சொல் அவர்களையும் இழுத்துவிட்டது.

ஆக, இது அறிவுக் குறைவு அல்ல. கவனம் தவறுகிற இடம். இடம் தெரிந்தால் தாண்டிவிடலாம்.

"உம்" வேறு, "உடன்" வேறு

தேர்வு நடத்துகிறவர்கள் விரும்பி வைக்கும் கண்ணி ஒன்று உண்டு. "அலாங் வித்", "ஆஸ் வெல் ஆஸ்" என்ற தொடர்கள். இவை நடுவில் வந்தால் வினை ஒருமையா, பன்மையா?

இதற்குப் பயிற்சிப் புத்தகங்களில் பெரிய பெரிய விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் இரண்டே வரி.

"பையனும் தங்கைகளும் வந்தார்கள்."

"பையன் தங்கைகளுடன் வந்தான்."

"உம்" போட்டுச் சேர்த்தால் எல்லாரும் எழுவாய். வினை பன்மை. "உடன்" போட்டுச் சேர்த்தால் முதலில் நிற்பவன் மட்டுமே எழுவாய். அவனோடு தங்கைகள் நான்கு பேர் வந்தாலும் "வந்தான்" தான்.

ஆங்கிலத்தில் "ஆண்ட்" என்பது நம் "உம்". "அலாங் வித்" என்பது நம் "உடன்". தேர்வில் "ஆஸ் வெல் ஆஸ்" என்பதையும் "உடன்" என்றே எண்ணிக்கொள்ளலாம். சட்டம் ஒன்றே.

ஒருவருக்கு ஏன் பன்மை?

"யூ என்பது ஒரே ஆள். அவருக்கு ஏன் யூ ஆர் என்று பன்மை வினை?" என்று கேட்காத பிள்ளை இல்லை. "அது அப்படித்தான்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு இதை ஒரு நொடியில் விளக்கலாம். பெரியவர் ஒருவரிடம், "நீங்கள் வந்தீர்கள்" என்கிறோம். ஆள் ஒருவர். மரியாதைக்காகப் பன்மை. ஆங்கிலத்திலும் முன்பு "நீ" என்பதற்கு "தவ்" என்று ஒரு சொல் இருந்தது. "யூ" என்பது "நீங்கள்" ஆக இருந்தது. மரியாதைக்காக ஒருவரையும் "யூ" என்று அழைத்தார்கள். காலப்போக்கில் பேச்சில் "தவ்" மறைந்தது. "யூ" நிலைத்தது. அதனோடு பன்மை வினையும் நிலைத்துவிட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டில் படித்த ஆங்கிலேயர்களும் ஒருவரைப் பார்த்து "யூ வாஸ்" என்று சொன்னதுண்டு. ராபர்ட் லவுத் என்ற பாதிரியார் 1762ல் வெளியிட்ட இலக்கண நூலில் அதைக் கண்டித்தார். அவர் பின்னால் லண்டன் பிஷப்பாகவும் இருந்தவர். ஆங்கிலேயர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. பயம் குறையும்.

தமிழ் கைகொடுக்காத இடம்

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்கும் என்று சொல்லிவிட முடியாது. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஆசிரியர் வரவில்லை." "மாணவர்கள் வரவில்லை." இரண்டுக்கும் "வரவில்லை" ஒன்றே. இங்கே ஒருமை, பன்மை வேறுபாடு கிடையாது. ஆகவே "நைதர், நார்" என்று இரண்டு பேரை மறுக்கும் ஆங்கில வாக்கியத்தில் நம் காது உதவாது. தேர்வில் எதிர்பார்க்கும் விதி இது: வினைக்கு அருகில் நிற்கும் எழுவாயைப் பார். அது பன்மையானால் வினையும் பன்மை. இதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

அடுத்தது "ஸ்" தொல்லை. பெயரோடு "ஸ்" சேர்ந்தால் பெரும்பாலும் பன்மை. வினையோடு "ஸ்" சேர்ந்தால் ஒருமை. "பாய்ஸ் ரன்." "பாய் ரன்ஸ்." ஒரே எழுத்து ஒரு பக்கம் கூட்டுகிறது, மறுபக்கம் குறைக்கிறது. இதற்குத் தமிழில் ஈடு இல்லை. வாயால் சொல்லிச் சொல்லிப் பழகுவதே வழி.

பேச்சிலும் ஒரு வழக்கம் உண்டு. "மாடுகள் வந்தன" என்பது எழுத்து. பேச்சில் "மாடெல்லாம் வந்துச்சு" என்கிறோம். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள் நுழைந்தால் "கவ்ஸ் வாஸ்" ஆகிவிடும். எச்சரிக்கை தேவை.

கொம்புள்ள விவசாயி!

இனி இரண்டாவது பிழைக்கு வருவோம். இடம் மாறிய அடைமொழி.

"ஹி சோல்ட் எ கவ் டு எ ஃபார்மர் வித் எ புரோக்கன் ஹார்ன்."

எழுதியவன் நினைத்தது, ஒடிந்த கொம்புள்ள பசுவை விவசாயிக்கு விற்றான் என்று. வாக்கியம் சொல்வது, பசுவை ஒடிந்த கொம்புள்ள விவசாயிக்கு விற்றான் என்று! கொம்பு பசுவுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். விவசாயிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

தமிழிலும் இந்த விபத்து நடப்பதுண்டு. "நேற்று திருட்டுப் போன சைக்கிளைப் போலீசார் கண்டுபிடித்தார்கள்." நேற்று நடந்தது திருட்டா, கண்டுபிடிப்பா? "திருட்டுப் போன சைக்கிளைப் போலீசார் நேற்று கண்டுபிடித்தார்கள்" என்று எழுதினால் சந்தேகம் தீர்ந்தது.

"மட்டும்" என்ற சொல்லைப் பாருங்கள். "ராமன் மட்டும் பத்து ரூபாய் கொடுத்தான்" என்றால் மற்றவர்கள் கொடுக்கவில்லை. "ராமன் பத்து ரூபாய் மட்டும் கொடுத்தான்" என்றால் அதற்கு மேல் கொடுக்கவில்லை. சொல் ஒன்றே. இடம் மாறியது. பொருளும் மாறியது. ஆங்கிலத்தில் "ஒன்லி" என்பது இதே வேலையைச் செய்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. "மட்டும்" தன் சொல்லுக்குப் பின்னால் நிற்கும். "ஒன்லி" தன் சொல்லுக்கு முன்னால் நிற்பதே தெளிவு.

இன்னொரு வகைப் பிழை. "ஓபனிங் த டோர், எ டாக் ரஷ்ட் இன்." கதவைத் திறந்தது யார்? இந்த வாக்கியத்தின்படி நாய்தான் கதவைத் திறந்திருக்கிறது!

தமிழில், "கதவைத் திறந்து நாய் உள்ளே வந்தது" என்றால் நாயே திறந்தது என்று பொருள். "கதவைத் திறந்ததும் நாய் உள்ளே வந்தது" என்றால் திறந்தவர் வேறு ஆள். "திறந்து" வேறு, "திறந்ததும்" வேறு என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆங்கில வாக்கியத்தின் தொடக்கத்தில் இத்தகைய "இங்" தொடரைக் கண்டால் "திறந்து" என்று எண்ணிப் பார்த்தால் போதும். அடுத்து வரும் எழுவாய்தான் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் அங்கே பிழை.

கோர்ட்டுக்குப் போன இலக்கணம்

"இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானே?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை இந்தச் சண்டை போயிருக்கிறது.

தானாகத் தொலைபேசி எண்களை அழைக்கும் கருவிகளைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 1991ல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம், எண்களைச் "சேமிக்கிற அல்லது உண்டாக்குகிற" கருவி என்று கூறுகிறது. அதன் பின்னால் ஒரு வால் வருகிறது. எண்களை ஒழுங்கின்றியோ வரிசையாகவோ உற்பத்தி செய்யும் பொறியைக் கொண்டு அதைச் செய்ய வேண்டும் என்பது அந்த வால்.

ஃபேஸ்புக் நிறுவனத்தின் மீது ஒருவர் வழக்குப் போட்டார். அந்த நிறுவனத்தில் கணக்கே இல்லாத தமக்கு அதன் எச்சரிக்கைச் செய்திகள் வந்தன என்பது அவர் புகார். அந்த நிறுவனம் எண்களைச் சேமித்தது. அந்தப் பொறியைப் பயன்படுத்தவில்லை. ஆகவே கேள்வி இதுதான்: அந்த வால் "உண்டாக்குகிற" என்பதை மட்டும் சேர்ந்ததா? "சேமிக்கிற" என்பதையும் சேர்ந்ததா?

2021 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வால் இரண்டையும் சேர்ந்தது என்று நீதிமன்றம் கூறியது. ஃபேஸ்புக் வென்றது. ஒரு தொடர் எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்பதே அந்த வழக்கின் உயிர்நாடி!

அமெரிக்கா வரை போவானேன்? இங்கே நிலப் பத்திரம், வாடகைச் சீட்டு, உயில் ஆகியவற்றிலும் ஒரு சொல் இடம் மாறினால் அண்ணன் தம்பி கோர்ட் வாசலில் நிற்க நேரிடும்.

இயந்திரம் இருக்கிறதே?

இப்போது கம்ப்யூட்டரே பிழை திருத்துகிறது. கைபேசியும் திருத்துகிறது. மேல்நாட்டு நிர்வாகப் படிப்புக்கான ஜீமேட் தேர்வில் வாக்கியத் திருத்தக் கேள்விகள் நெடுங்காலம் இருந்தன. 2023 நவம்பரில் வந்த புதிய தேர்வில் அந்தப் பகுதியே இல்லை. "பிறகு எதற்கு இந்தப் பாடு?" என்ற கேள்வி நியாயமானதே.

இதற்கு விடை உண்டு. "ஆர்" போட வேண்டிய இடத்தில் "இஸ்" போட்டால் இயந்திரம் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் "ராமன் மட்டும்" என்று எழுதினால், "பத்து ரூபாய் மட்டும்" என்று நீங்கள் நினைத்தது அதற்கு எப்படித் தெரியும்? இரண்டுமே சரியான வாக்கியங்கள். எது உண்மை என்பது எழுதியவருக்கே தெரியும். மனதில் இருப்பதைச் சரியான இடத்தில் வைப்பது மனிதன் வேலை.

செய்ய வேண்டியது என்ன?

பயிற்சி நிலையங்கள் பல, விதிகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. தேர்வு அறையில் அந்தப் பட்டியல் நினைவுக்கு வருவதில்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் குற்றம் என்று நினைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. இது கையில் இருக்கும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தேடுவது போன்றது.

தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் மாதம் ஒரு மணி நேரம் ஒரே வகுப்பில் சேர்ந்து பாடம் நடத்தலாம். ஒருவர் வழுவைச் சொல்லட்டும். மற்றவர் அதையே ஆங்கிலத்தில் காட்டட்டும். இதற்குப் பணம் வேண்டாம். புதிய கட்டிடம் வேண்டாம். மனம் இருந்தால் போதும்.

வீட்டிலும் பெற்றோர் உதவலாம். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் உதவலாம். பிள்ளை ஒரு வாக்கியத்தோடு மல்லாடும்போது மூன்று கேள்விகளைத் தமிழில் கேட்டால் போதும்.

யார் அல்லது எது அதைச் செய்தது?

அது ஒன்றா, பலவா?

இந்த வருணனை யாரைச் சேர்ந்தது?

"மேசை மேல் இருப்பது கூடைதானே?" என்று அந்தத் தாயார் கேட்டது முதல் கேள்வி. "கூடை ஒன்றுதானே?" என்றது இரண்டாவது. "பழம் கூடைக்குள் அல்லவா இருக்கிறது!" என்றது மூன்றாவது. மூன்றையும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே கேட்டுவிட்டாள். அடுத்த தேர்வுக்குப் போகும் பிள்ளை, பயிற்சிப் புத்தகத்தோடு அந்த மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு போகட்டும்.